மைக் டெஸ்டுக்குப் பாடியவர்

குச்சவெளி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது. ஒரு கை மேல்கம்பியில், மற்றக் கையில் ஃபோன், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற இயர்ஃபோன். ஃபோனில் ஓடுகிற வீடியோவில், புலம்பெயர்ந்த நாடொன்றில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொடியன் ஒருவன் மேடையில் நிற்கிறான். என் வயதுதான் இருக்கும். பாடத் தொடங்கும் முன் சொல்கிறான்: "இந்தப் பாட்டு என்ர காதலனுக்கு. அந்தா, ரெண்டாவது வரிசையில வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறான்." கூட்டம் ஒரு கணம் அப்படியே அடங்கிப்போகிறது. பிறகு கைதட்டல். கீழே கருத்துகளில் இதயங்கள், இடையிடையே தூஷணம், தூஷணக்காரர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதும் யாரோ ஒரு அன்ரி.

நான் கைதட்டலைக் கேட்கவில்லை. அதற்கு முந்திய அந்த ஒரு கணத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். "தங்கச்சி, படத்தைப் பிறகு பாக்கலாம், உள்ளுக்குப் போங்கோ" என்று கண்டக்டர் முதுகில் டிக்கட் கட்டையால் தட்டினார். போனேன். காது மட்டும் போகவில்லை. அந்த அமைதியை நான் இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சாம்பல்தீவுக் கடற்கரையில். என் பக்கத்தில் நின்று ஒரு மனிதர் பாடியபோது.

நானும் கம்பஸில் கூடப் படிக்கிற சிநேகிதிகள் இருவரும் ஓர் ஒலித்தொடர் செய்துகொண்டிருக்கிறோம். ஆண்களைக் காதலித்த பாடகர்கள், பெண்களைக் காதலித்த பாடகிகள், அவர்கள் எப்படி ஒளித்தார்கள், எப்போது வெளியே வந்து பாடினார்கள், இரசிகர்கள் எப்படி மெல்ல மெல்ல மாறினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். எந்தக் கண்டத்துப் பாடகரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்லுவேன். "உங்கட ஊரில ஆரும் இல்லையோ?" என்று ஒரு நேயர் கேட்டபோது மட்டும், "தேடிக்கொண்டிருக்கிறம்" என்று பதில் போட்டேன். தேடிக்கொண்டா! மூன்று வருடம் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றவரை விட்டுவிட்டு.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். மேடைப் பட்டப்பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் துறைமுகத்தடியில் பாதிப்பேர் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, ஓர் இசைக்குழு இருக்கிறது. கோயில் திருவிழா, கலியாண வரவேற்பு, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் போகும். மாமாவே முதலாளி, மாமாவே ஒக்டபாட். தட்டினால் தபேலாவும் வரும், ட்ரம்ஸும் வரும் என்கிற அந்தத் தட்டைப் பெட்டிதான் குழுவின் உயிர் என்பது அவருடைய கொள்கை. உயர்தரப் பரீட்சை முடித்து வீட்டில் சும்மா இருந்த என்னைப் பெண்குரலுக்குப் பிடித்துப் போட்டார். அங்கேதான் அவரை, நான் அண்ணை என்று கூப்பிட்டவரை, சந்தித்தேன்.

பகலில் அவருக்கு மீன் துறையடி ஐஸ் கம்பனியில் வேலை. விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். ஆனால் சேர்ட் மடிப்புக் கலையாது, முகத்தில் பவுடர் அளவாக இருக்கும். நடையில் ஒரு நளினம் இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கும் முன்னர் அவரே திறந்துவிடுவார். ஒத்திகைக்கு நான் வந்த முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, எங்கட குழுவில இதுவரைக்கும் நான்தான் வடிவான பொம்பிளை. இப்ப நீ வந்து போட்டியாப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வயர் சுற்றும்போது தணிந்த குரலில், "சனம் சிரிக்கப் போகுதெண்டு தெரிஞ்சா நீ முந்திக்கொள். முந்தினவைக்குத்தான் மேடை" என்றார். அவருக்கு வேதம் இதுதான். எல்லாவற்றிலும் முந்துவார். ஐஸ் கம்பனிக்குப் புதிதாக வந்த ஒருவன் இவரைப் பார்த்து உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போட்டானாம். அவன் உதடு விரிவதற்குள் அண்ணை ஐஸ் கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து, அவன் வரை நடந்துபோய், "என்ன ராசா, குளிருதோ?" என்று கேட்டிருக்கிறார். துறையே சிரித்தது அவனைப் பார்த்துத்தான். இதை அவர் எங்களுக்கு நடித்துக் காட்டும்போது நாங்கள் தரையில் உருண்டோம். வீட்டுக்குப் போய் யோசித்தால்தான், ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவதற்கு இத்தனை ஆயத்தமா என்று இருக்கும்.

மேடையில் அவருடைய சரக்கு 'பாக் பாட்டு'. அவரே கட்டிய பைலா, காலைச் சும்மா இருக்கவிடாத துள்ளல் பாட்டு. சிவப்பு நிறத்தில் மினுங்குகிற ஒரு பெண்கள் கைப்பையை முழங்கையில் கொழுவிக்கொண்டு மேடையின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கலுக்கு நடப்பார்.

பாக்கைத் தூக்கிப் போறாராம் அண்ணை,
பவுடர் பூசிப் போறாராம்,
பஸ்ஸில ஏறி ஆம்பிளைப் பக்கம்
பாத்துப் பாத்துச் சிரிப்பாராம்!

அவ்வளவுதான் பாட்டு. மிச்சமெல்லாம் இடுப்பு. சின்னப்பிள்ளைகள் முதல் கோயில் தலைவர் வரை விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டாவது முறையும் கேட்பார்கள். அவர் வேறு எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் பின்னால் இருந்து "பாக்! பாக்!" என்று விசில் வரும். அந்தக் காலத்தில் தமிழ்ப் படங்களிலும் இந்த மாதிரி ஆளைச் சிரிப்புக்குத்தானே வைத்திருந்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அந்த ஆள் கதையை விட்டே போய்விடுவார். அண்ணை போகமறுத்தார், அவ்வளவுதான். அதற்கு அவர் கொடுத்த விலை அந்தப் பாக்.

எங்கள் வானை ஓட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. அதிகம் கதைக்கமாட்டார். இவரும் அண்ணையும் கப்பல்துறையில் ஒரு வீட்டில் இருந்தார்கள். "வாடகையைப் பங்குபோடினம்" என்று, யாரும் கேட்கும் முன்னரே, மாமா ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எங்களுக்குத் தெரியுமா என்றால், தெரியும். தெரிந்ததை ஒருவரும் கதைக்கவில்லை. அந்தக் கதையாமையைத்தான் நாங்கள் எல்லாரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாக் பாட்டு தொடங்கினால் நானா வானுக்குள் ஏறி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவார். வெக்கையில் அவித்த முட்டை மாதிரி உள்ளே இருப்பார். பாட்டு முடிந்த பிறகுதான் கண்ணாடி இறங்கும்.

சரி, அவருக்கு வேறு பாட்டே வராதா? இங்கேதான் சொல்லவேண்டும். பின்னேரம் நான்கு மணி மட்டில், வெறும் பிளாஸ்டிக் கதிரைகளும் காகங்களும் மட்டும் இருக்கும் நேரத்தில், மைக் சரிபார்க்கிற வேலையை அவர்தான் கேட்டு வாங்குவார். மற்றவர்கள் "ஹலோ, வண், டூ" என்பார்கள். அவர் பாடுவார். முழுப் பாட்டு, ஆறுதலாக, கண்ணை மூடிக்கொண்டு, மெலிந்து மேலே போய் உடையாமல் திரும்பி வருகிற ஒரு குரலில். மாமா வயர் பொருத்தியபடி "பேஸ் கூடிப்போச்சு, கொஞ்சம் குறை" என்பார். அந்த நேரத்தில் நானாவின் வான் நான்கு கதவும் திறந்தபடி நிற்கும்.

ஒருமுறை, ஒரு கோயிலடியில், நிகழ்ச்சி தொடங்க முன் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வேலியோடு வந்து நின்றார்.

"தம்பி, பின்னேரம் ஒரு பிள்ளை பாடினதெல்லோ, அவர் எப்ப பாடுவார்? நான் வேளைக்கே சமைச்சுப்போட்டு வந்தனான்."

அண்ணை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஐயோ அம்மா, அவர் போயிட்டார். அவருக்கு வேற ஊரில புரோகிராம்."

"சீ, குடுத்துவைக்கேல்லை" என்றார் அம்மா.

"ஓம் அம்மா, அவருக்கும்தான்."

அம்மா போன பிறகு எங்களைப் பார்த்து நாக்கை நீட்டினார். நாங்கள் சிரித்தோம். சிரிக்கவேண்டும் என்று அவர் முகம் சொன்னது.

பிறகு ஒரு நாள் ஒத்திகைக்குப் பிந்தி வந்தார். வழக்கம்போல நுழையும்போதே பகிடி: "பிள்ளையள், நான் பெரிய ஆளாகிட்டன். பஸ்ஸில என்ர பாட்டு ஓடுது." கிண்ணியா பஸ்ஸில் நான்கைந்து பொடியன்கள் பாக் பாட்டைப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முன்னால் நின்ற ஒரு மெல்லிய தம்பியைச் சுற்றி நின்று, அவன் தோள்பையை இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறார்கள். அண்ணை பின் சீற்றில். "என்ர ஸ்டைல் அப்படியே, தங்கச்சி. இடுப்பு, கை, எல்லாம். நான் எங்க மூச்சு எடுப்பனோ அங்கயே மூச்சு எடுக்கிறாங்கள்." நடித்துக் காட்டுவதற்கு எழும்பினார். கையைத் தூக்கினார். "அவன் தன்ர இடம் வர முன்னமே இறங்கிட்டான். பாலத்தடியில, நல்ல வெயில்..." என்றவர் தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு முதன்முதலாக, ஒரு பகிடியை அவர் முடிக்காமல் விட்டார்.

அதே மாதத்தில் நானாவுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. புறப்படுவதற்கு முன் அவர் வான் ஓட்டும் கடைசி நிகழ்ச்சி சாம்பல்தீவில், ஒரு விளையாட்டுக் கழகத்தின் விழா. அண்ணை மாமாவிடம் போய்க் கேட்டார். நான் பக்கத்தில் பாட்டு வரிகளைப் பிரதி செய்துகொண்டிருந்தேன்.

"அண்ணை, இந்த முறை ஒரே ஒரு பாட்டு நான் ஆறுதலாப் பாடட்டோ? சொந்தப் பாட்டு. மேடையில. முழுசா."

"பாக்?"

"பாக் வேண்டாம்."

மாமா நல்ல மனிதர். அதை நான் இங்கே சொல்லவேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாடு. ஆனா எங்கட சட்டம் தெரியும்தானே?" என்றார்.

சட்டம் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் சோர்ந்தால் பைலா. மாமா வாசிக்கும்போது பாடுகிறவரைப் பார்க்கமாட்டார், சனத்தின் காலைப் பார்ப்பார். கால் ஆடவில்லை, விசில் இல்லை, கைதட்டல் இல்லை என்றால், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் தாளத்தைப் பைலாவுக்கு மாற்றிவிடுவார். பாடகர் சனத்தின் கேலிக் கூவலில் மாட்டுப்படக்கூடாது. இந்தப் பக்கத்துக் குழுக்கள் எல்லாம் இப்படித்தான் தங்கள் ஆட்களைக் காப்பாற்றும். எத்தனையோ தரம் என்னையும் காப்பாற்றியிருக்கிறது.

சாம்பல்தீவில் பொழுதுபட்டு லைட் போட்ட கையோடு அவர் பாடினார். மணலில் கதிரைகள், பின்னால் கடல். முதலில் வழக்கமான "பாக்! பாக்!" எழும்பியது. அவர் அதைக் கேட்காதவர் மாதிரி தொடங்கினார்.

இறங்குதுறையில் நின்றேன்,
நீ ஏறின படகு தெரிந்தது.
படகு தெரிந்தவரைக்கும்
நான் தெரிந்தேனா உனக்கு?

விசில் நின்றது. பிறகு கதை நின்றது. முன் வரிசையில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் உடைப்பதை விட்டார்கள். கச்சான் விற்கிறவர் அளக்கிற சுண்டைக் கையில் பிடித்தபடி திரும்பி நின்றார். ஒரு குழந்தை அழத் தொடங்கியது, தாய் அதைத் தூக்கிக்கொண்டு தூரப் போகாமல் வாயைத் தோளில் பொத்தி அங்கேயே நின்றாள். முதலாம் சரணம் முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. வானின் கதவு திறந்தது. நானா இறங்கி, கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கோரஸ் மைக்கில் சும்மா நின்றேன். என் உடம்பெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணை கண்ணைத் திறந்தார். இரண்டாம் சரணத்துக்கு மூச்சு எடுத்தார்.

டக்கு டிக்கு டக்கு டிக்கு!

மாமா சனத்தின் காலைப் பார்த்திருக்கிறார். ஒரு காலும் ஆடவில்லை. காப்பாற்றிவிட்டார்.

கூட்டம் குபீரென்று எழும்பியது. கிற்றார் வாசிக்கிற தம்பி, பழக்கத்தில், பெட்டிக்குப் பின்னால் கிடந்த சிவப்புப் பாக்கைத் தூக்கி எறிந்தான். அண்ணை அதைப் பிடித்தார். பிடித்தபடி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா வாசித்துக்கொண்டே சிரித்து, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்கிற மாதிரித் தலையாட்டினார். அண்ணை பாக்கை முழங்கையில் கொழுவினார். அவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் நடந்ததில்லை. சனம் மூன்றாவது முறையும் கேட்டது. வான் கதவு சாத்துப்பட்டதை நான் பார்க்கவில்லை. அடுத்த முறை திரும்பியபோது எல்லாக் கண்ணாடிகளும் ஏறியிருந்தன.

சாமான் ஏற்றும்போது மாமா அவர் முதுகில் தட்டினார். "டேய், தப்பினாய்! ஒரு சனம் அசையேல்லை. நான் மட்டும் மாத்தாட்டி கூவித் துலைச்சிருப்பாங்கள்."

"ஓம் அண்ணை" என்றார் அவர். "நீங்கள் இல்லாட்டி இண்டைக்குக் கல்லெறிதான்." மாமா சிரிப்பதற்குள் அவரே சிரித்தார்.

வானில் ஏற முன் நான் மெல்லக் கேட்டேன். "அண்ணை, மிச்சத்தை எனக்கு மட்டும் ஒருக்கால் பாடிக் காட்டுங்கோவன்."

"மிச்சமோ? மைக் டெஸ்டுக்கு இவ்வளவும் போதும், தங்கச்சி."

நானா போனார். அண்ணை அதற்குப் பிறகும் சில மாதங்கள் வந்தார். பாக் பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் மைக்கைப் பிடித்து "ஹலோ, வண், டூ, த்ரீ" என்றார், மற்றவர்களைப் போலவே. மாமாவுக்கு அது வசதியாக இருந்தது, வேலை கெதியில் முடிந்தது. ஒரு மழைக்காலத்தில் அவர் வரவில்லை. ஐஸ் கம்பனியில் விலகிவிட்டதாகச் சொன்னார்கள். கப்பல்துறை வீட்டில் வேறு குடும்பம். தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. கொழும்பு என்கிறார்கள் சிலர், கட்டார் என்கிறார்கள் சிலர். கட்டாராக இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். விருப்பம் தகவல் ஆகாது.

இப்போது காலம் மாறிவிட்டது என்று எங்கள் தொடரில் நாங்கள் மூவரும் உற்சாகமாகப் பேசுகிறோம். பொய்யும் இல்லை. போன வருடம் ஒரு கலியாணத்தில் வேறு ஒருவர் பாக் பாட்டைப் பாடினார். பெரியவர்கள் சிரித்தார்கள். என் வயதுப் பிள்ளைகள் மேசையில் இருந்த ஃபோனைப் பார்த்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து, "இப்பத்தையப் பிள்ளையளுக்குப் பகிடி விளங்குதில்லை" என்று குறைப்பட்டார். ஆனால் நாட்டின் சட்டப் புத்தகத்தில் இந்தக் காதலைக் குற்றமாக்குகிற பழைய பிரிவு அப்படியே கிடக்கிறது, பஸ்ஸில் தோள்பையை இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மாறியது எங்களுக்கு. அவருக்கு நேரத்துக்கு மாறவில்லை.

பஸ்ஸில் பார்த்த அந்த வீடியோவைக் கொண்டுபோய் மாமாவுக்குக் காட்டினேன். முழுவதும் பார்த்தார்.

"நல்ல குரல்."

"அவன் சொன்னது விளங்கினதோ, மாமா?"

"விளங்காமல்? எனக்கு என்ன காது செவிடோ?" ஃபோனை இன்னொருதரம் பார்த்து, "எங்கட ஆளும் அப்படித்தானே. தெரியும். பாவம், நல்ல பிள்ளை. நான் ஒருத்தரையும் ஒண்டும் கதைக்க விடேல்லை" என்றார்.

"கைதட்ட முன்னம் சனம் அமைதியா இருந்தது. கவனிச்சனீங்களோ?"

"திகைச்சுப்போச்சுதுகள்."

"இல்லை மாமா. கேட்டுக்கொண்டு இருந்தவை. சாம்பல்தீவிலயும் அப்படித்தான். சோரேல்லை. கேட்டுக்கொண்டு இருந்தவை."

மாமா ஃபோனை என்னிடம் தந்தார். ஒக்டபாட்டின் மேல் கிடந்த துணியை எடுத்து, தூசி இல்லாத இடத்தைத் துடைத்தார்.

"கச்சான்கூடத் தின்னேல்லையே சனம்" என்றார் கடைசியில். "அதைப் பாத்துத்தானே நான் மாத்தினனான்." திரும்பவும் துடைத்தார். "நான் அவனைக் காப்பாத்தினனான் எண்டல்லோ இவ்வளவு காலமும்..."

மாமி தேத்தண்ணீரோடு வந்தார். மாமா அதை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இருந்தார்.

அடுத்த மாதம் துறைமுகப் பக்கத்தில் இளைஞர் கலை மாலை ஒன்று. மாமாவின் இசைக்குழுவைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டை நான் பாடப்போகிறேன். இந்த ஊர் அண்ணை ஒருவர் தன் அன்புக்குரியவருக்காகக் கட்டிய பாட்டு என்று மட்டும் சொல்லுவேன், பெயர் சொல்லமாட்டேன். எங்கேயாவது இருந்து கேட்டு, தானே சொல்ல விரும்பினால் அவரே சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது பல்லவியும் ஒரு சரணமும். "மிச்சத்தை நீயே எழுதன்" என்கிறார்கள் சிநேகிதிகள். எழுதிப் பார்த்தேன், நன்றாகக்கூட வந்தது, கிழித்துப்போட்டேன். அவர் மூச்சு எடுத்த இடம் வரைக்கும் பாடி, மூச்சு எடுத்து, அங்கேயே நிற்கப்போகிறேன். ஒருவரும் ஒன்றும் வாசிக்கக்கூடாது.

"எவ்வளவு நேரத்துக்கு?" என்று மாமா கேட்டார்.

"சனம் தானா அசையும்வரைக்கும்."

"கூவினால்?"

"கூவட்டும்."

"பிள்ளை, என்ர கை சும்மா இராது. அது தன்ர பாட்டில போய்த் தட்டும்."

"அப்ப கையைக் கட்டிப்போடுறன்."

அவர் சிரிக்கவில்லை. "முதல்லயே ஒருக்கால் பழகிப் பாப்பம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. எனக்குப் பாட்டு மனப்பாடம். மாமா சும்மா இருக்கப் பழகவேண்டும்.